லாக் வியூவரில் தமிழ் எழுத்து அங்கங்கே உடைகிறது, அவசரம்

தறிக்காரன்_சோமனூர், காலை 11:42
எங்கள் ஓப்பன் சோர்ஸ் தறிக்கணக்கு மென்பொருளுக்கு, பிரவுசரிலேயே லாக் (மென்பொருள் தன் வேலையை வரிவரியாகக் குறித்து வைக்கிற ஃபைல்) பார்க்கிற மாதிரி ஒரு வியூவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் ஓடுகிறது, ஆனால் தமிழ் எழுத்து அங்கங்கே காணாமல் போய் கருப்பு டைமண்டுக்குள் கேள்விக்குறியாக வருகிறது. ரீஃப்ரெஷ் பண்ணினாலும் அதே இடத்தில்தான். நாளைக்கு டெமோ. இன்றைக்கு எங்கள் பக்கம் மாதாந்திர ஷட்டவுன், கரண்ட் சாயந்திரம்தான் வரும், லேப்டாப்பில் 30 சதவீதம் சார்ஜ். யாராவது சொல்லுங்க.

ஊத்துக்குளி_வெண்ணெய், 11:50
சர்வரில் எழுதியிருப்பது நோடிலா (ஜாவாஸ்கிரிப்ட்), பைத்தானிலா? ஃபைல் எவ்வளவு பெரிசு? எல்லா வரியிலுமா, சில வரியிலா? எதுவும் சொல்லாமல் உடைகிறது என்றால் எங்களுக்கு ஜோசியம் தெரியாதுங்க.

கணவாய்க்_காற்று, 11:53
ஃபான்ட் பிரச்சினை. யாரோ பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட்டில் அடித்து உள்ளே விட்டிருப்பார்கள். யூனிகோடுக்கு மாற்றினால் சரியாகிவிடும். நான் பிரஸ்ஸில் பத்து வருடம் பார்த்தது இதைத்தான்.

மூத்தவன், 12:05
இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதுவது என்று தெரியவில்லை. தேடிப் பார்க்கிற பழக்கமே போய்விட்டது. லாக் பார்க்கவென்றே கிபானா இருக்கிறது, கிராஃபானா லோக்கி இருக்கிறது, இரண்டும் இலவசம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? அப்புறம், லாக்கை யார் தமிழில் எழுதச் சொன்னது? ஆங்கிலத்தில் எழுதினால் இந்தத் தலைவலியே இல்லை.

ஊத்துக்குளி_வெண்ணெய், 12:07
என்னை எதற்குங்க நடுவில் இழுக்கிறீர்கள்.

தறிக்காரன்_சோமனூர், 12:31
மன்னிக்கணும், அவசரத்தில் விட்டுவிட்டேன். நோடு. சர்வரில் 1 ஜிபி ராம்தான், கிபானாவுக்கு வேண்டிய எலாஸ்டிக்சர்ச்சை ஏற்றினால் மென்பொருளே படுத்துவிடும். லாக்கைப் பார்க்கிறது நான் இல்லை, கணக்கு பார்க்கிற அக்கா, அதனால்தான் தமிழ். நேற்றைய ஃபைல் 9 எம்பி, அதில் எண்பது சொச்சம் இடத்தில் உடைகிறது. லைவாக வரும் வரிகளில் ஒன்றுகூட உடையவில்லை, பழைய ஃபைலை முழுசாகத் திறந்தால்தான். எச்டிஎம்எல்லில் மெட்டா சார்செட் யூடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்தைப் பைட்டுகளாக எழுதும் முறை) போட்டிருக்கிறேன். "பாவு நூல் 40ஆம் நம்பர், 2 பீம் இறக்கியாச்சு" என்கிற வரியில் நூல் என்ற சொல்லில் ல போய் மூன்று டைமண்ட், புள்ளி மட்டும் கடைசி டைமண்ட் தலைமேல் தொங்குகிறது. கோடு ஒட்ட முடியவில்லை, ஃபோனில் இருந்து எழுதுகிறேன்.

கணவாய்க்_காற்று, 12:34
புள்ளி தனியாகத் தொங்குகிறதா? அப்போ ஃபான்ட்தான், சந்தேகமே இல்லை.

கோபி_வாய்க்கால், 12:58
ஃபான்ட் இல்லைங்க அண்ணா. பாமினியாக இருந்தால் வரி முழுக்க ஆங்கில எழுத்துக் கதம்பமாக வந்திருக்கும், எண்பது இடத்தில் மட்டும் உடையாது.

தம்பி, ஒன்று மட்டும் எண்ணிச் சொல்லுங்க. உடைகிற இடத்தில் சில தடவை இரண்டு டைமண்ட், சில தடவை மூன்று, ஒற்றையாக ஒருபோதும் வராது. சரியா?

தறிக்காரன்_சோமனூர், 1:10
ஆமாங்க! எப்படித் தெரியும்?

கோபி_வாய்க்கால், 1:26
யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் மூன்று பைட். நோடின் கிரியேட்ரீட்ஸ்ட்ரீம் ஃபைலை 65536 பைட் துண்டுகளாகக் கொடுக்கும். அதை மூன்றால் வகுத்தால் மீதி ஒன்று, ஆக வெட்டு எழுத்தின் நடுவில் விழத்தான் செய்யும். எழுத்தாகாத அரைகுறைப் பைட்டின் இடத்தில்தான் டைமண்ட் வருகிறது. ஒரு பைட் இந்தப் பக்கமும் இரண்டு அந்தப் பக்கமும் போனால், இங்கே ஒரு டைமண்ட், அங்கே இரண்டு. இரண்டும் ஒன்றுமாகப் பிரிந்தால் பக்கத்துக்கு ஒன்று. 9 எம்பியில் 144 துண்டு. மூன்றில் இரண்டு வெட்டு எழுத்துக்குள் விழும் என்று வைத்தால் 96, எண், காற்புள்ளி, இடைவெளி என்று கழித்தால் உங்கள் எண்பது சொச்சம் வந்துவிடுகிறது. லைவ் வரி சின்னது, ஒரே வாசிப்பில் முழுசாக வருவதால் தப்பித்துக்கொள்கிறது.

வரி பாதியில் நின்றால் மிச்சத்தை அடுத்த துண்டோடு ஒட்டுகிறீர்கள், இல்லையா? அங்கேதான் வினை. ஸ்ட்ரிங்கோடு (எழுத்து) பஃபரை (வெறும் பைட்) பிளஸ் போட்டு ஒட்டினால் நோடு சத்தமில்லாமல் டூஸ்ட்ரிங் செய்து பைட்டை எழுத்தாக்கிவிடும், எழுத்து அங்கேயே செத்துவிடும், பிறகு ஒட்டி என்ன பயன். ஸ்ட்ரீம் திறந்தவுடன் செட்என்கோடிங் யூடிஎஃப்8 என்று ஒரு வரி போடுங்க. அரைகுறைப் பைட்டை அது பிடித்து வைத்திருந்து அடுத்த துண்டோடு சேர்த்துத் தரும். பிரவுசர் பக்கமும் துண்டாகப் படிக்கிறீர்கள் என்றால் பைட்டை எழுத்தாக்குகிற டெக்ஸ்ட்டிகோடரில் ஸ்ட்ரீம் ட்ரூ கொடுங்க, அதே கதைதான்.

தனித்தமிழ்_16, 1:40
இதற்குத்தான் அப்போதே தலைதலையாக அடித்துக்கொண்டோம். 2010 ஜூனில் நம் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில் அரசாணை போட்டு யூனிகோடோடு டேஸ்16 என்கிற தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்தார்கள். அதில் நூ ஒரு எழுத்து, ல் ஒரு எழுத்து, எழுத்துக்கு 16 பிட், அதாவது இரண்டு பைட். 65536 இரண்டால் வகுபடும், புள்ளி அந்தரத்தில் தொங்காது.

கோபி_வாய்க்கால், 1:52
அண்ணா, டேஸ் எழுத்துகள் உட்கார்ந்திருப்பது யூனிகோடின் பிரைவேட் யூஸ் (அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ள விட்ட) பகுதியில். யூடிஎஃப்-8இல் எழுதினால் அதுவும் மூன்று பைட்தான், இதே இடத்தில் இதே மாதிரி உடையும்.

தனித்தமிழ்_16, 1:55
யூடிஎஃப்-8இல் யார் எழுதச் சொன்னது? யூடிஎஃப்-16இல் வையுங்கள்.

ஊத்துக்குளி_வெண்ணெய், 2:03
அப்புறம் அந்த ஃபைலில் கிரெப் போட்டுத் தேட நீங்கள்தான் வரணும்.

மூத்தவன், 2:10
ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம். ஒரு பைட், ஒரு எழுத்து.

கோபி_வாய்க்கால், 2:14
ஆங்கில லாக்கில் ஒரு கஸ்டமர் பெயர் தமிழில் வந்தாலும் இதே பிழைதான். லாக்கின் மொழிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பைட்டை எழுத்தாக மாற்றும் இடத்தில்தான் தப்பு.

தனித்தமிழ்_16, 2:31
பேச்சை மாற்றாதீர்கள். அன்றைக்கே டேஸை எல்லோரும் எடுத்திருந்தால்

(இதற்குப் பிறகு டேஸ் பற்றி 14 பதில்கள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. நெறியாளர்)

தறிக்காரன்_சோமனூர், 5:47
கரண்ட் வந்துவிட்டது. செட்என்கோடிங் போட்டேன், எண்பதும் போச்சு. "கடைசி 2 லட்சம் பைட்" என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறேன், அதை அழுத்தினால் முதல் வரி ஆரம்பத்தில் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு டைமண்ட் வருகிறது.

கோபி_வாய்க்கால், 6:05
ஃபைல் நடுவில் குதிக்கிறீர்கள், எழுத்தின் வயிற்றில் போய் இறங்குகிறீர்கள். அந்த எழுத்தின் முதல் பைட்டே வராததால் செட்என்கோடிங் அங்கே ஒன்றும் பண்ண முடியாது. முதல் நியூலைன் (வரி முடிவுக் குறி) வரைக்கும் எறிந்துவிட்டு அதற்கு அடுத்த வரியில் இருந்து காட்டுங்க, எப்படியும் அது அரை வரிதான். நியூலைனின் பைட் எந்தத் தமிழ் எழுத்துக்குள்ளும் வராது, தைரியமாக அதை வைத்து வெட்டலாம்.

தறிக்காரன்_சோமனூர், 6:40
போச்சுங்ணா. நன்றி.

ஊத்துக்குளி_வெண்ணெய், மறுநாள் 4:15
தம்பி, டெமோ என்னாச்சு?

கணவாய்க்_காற்று, மறுநாள் 9:02
எதற்கும் ஃபான்ட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்க.