ஓடுகிற பெட்டியை ஏன் மாற்ற வேண்டும்?

அச்சுப்பிழை:
என் கடையில் 2010-ல் அசெம்பிள் பண்ணிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. ஜி41 போர்டு, கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் இதில்தான், பேஜ்மேக்கர் 7 என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடிக்கிறேன். இப்போது குரோம் பிரவுசர் 109-ஆம் பதிப்பைத் தாண்டி ஏற மறுக்கிறது. போன வாரம் ஒரு வங்கியின் தளம் ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று வாசலிலேயே நிறுத்திவிட்டது. சர்வீஸ் பையன் ‘புதுசு வாங்கிடுங்க சார்’ என்கிறான். ஒழுங்காக வேலை செய்கிற பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்வது விற்பனைத் தந்திரம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

ஸ்க்ரூடிரைவர்:
மறுக்கத்தான் வந்தேன் அண்ணே. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவு முடிந்தது. காசு கட்டி நீட்டிய கம்பெனிகளுக்கும் 2023 ஜனவரியோடு சரி. குரோம் 109 வந்தது அதே மாதம்தான். 110-லிருந்து குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். அதற்குப் பிறகு பிரவுசரில் எத்தனை ஓட்டை கண்டுபிடித்தார்களோ, உங்கள் பெட்டியில் அத்தனையும் திறந்தே கிடக்கிறது. இன்னொன்று, புதுப் பதிப்பில் ஒரு ஓட்டையை அடைத்தால், அது எங்கே இருந்தது என்பதும் திருடனுக்குத் தெரிந்துவிடும். பழைய பதிப்பில் அதே இடத்தில் கை வைப்பான்.

அச்சுப்பிழை:
என்னிடம் என்ன இருக்கிறது திருட? மணமகன் மணமகள் பெயரும் மண்டபத்தின் பெயரும்தானே? ஊருக்கே கொடுக்கிற விஷயம்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, அதே பெட்டியில்தானே வாட்ஸ்அப் வெப் திறந்து வைத்திருப்பீர்கள்? ஆதார் நகல் பிரிண்ட் எடுக்க வருகிறவர்கள் படத்தை அதில்தானே அனுப்புகிறார்கள்? டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நான் கணக்கு எழுதப் போகிற ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன், நானூற்றுச் சொச்சம் ஆதார் படங்கள் கிடந்தன. உங்கள் பொருளாக இருந்தால் உங்கள் இஷ்டம். அடுத்தவர் பொருளாயிற்றே.

வேகம்88:
சும்மா பயமுறுத்தாதீர்கள். வைரஸ் தொல்லை எல்லாம் பழைய விண்டோஸ் எக்ஸ்பி-யோடு போயிற்று. 7 நல்ல சிஸ்டம்.

ஸ்க்ரூடிரைவர்:
2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே ஆட்டிவைத்ததே, அதில் அதிகம் மாட்டியது எக்ஸ்பி இல்லை, விண்டோஸ் 7. அந்த ஓட்டையை அடைக்கிற பேட்ச் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள். உங்கள் 7-க்கு இப்போது போட பேட்ச்சே வராது.

வேகம்88:
சரி, அப்போ ரூஃபஸ் என்கிற இலவச மென்பொருளில் விண்டோஸ் 11 பென்டிரைவ் தயார் பண்ணுங்கள். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் என்கிற பாதுகாப்புச் சிப் சோதனையைத் தாண்டிவிடும். நான் மூன்றாம் தலைமுறை ஐ3-யில் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஸ்க்ரூடிரைவர்:
ஐ3-யில் ஓடும். கோர் 2 டுவோவில் ஓடாது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பிலிருந்து பாப்கவுன்ட் என்கிற கட்டளை புராசசரிலேயே இருக்க வேண்டும். கோர் 2-வில் அது கிடையாது, பூட்டே ஆகாது. டிபிஎம் மாதிரி ஏமாற்ற வழியில்லை. விண்டோஸ் 10 ஏறும், ஆனால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் மணி அடித்தாயிற்று. பதிவு பண்ணினால் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் ஒரு வருடம், 2026 அக்டோபர் வரை, பாதுகாப்பு அப்டேட் என்று அறிவித்தார்கள், அவ்வளவுதான்.

பென்குயின்தம்பி:
இதற்கு ஏன் இத்தனை சண்டை? விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போடுங்கள் அண்ணே, அதிலும் பழைய பெட்டிக்கு ஏற்ற லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ. 2 ஜிபி-யிலும் எழுந்து நிற்கும், 4 இருந்தால் நிம்மதி. ஹார்ட்டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி மாட்டுங்கள். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரும் புத்தம் புதுசு.

அச்சுப்பிழை:
தம்பி, மூன்று வருடம் முன்னால் ஒரு பையன் இதையேதான் சொல்லிப் போட்டுக் கொடுத்தான். பாமினியில் (இங்கிலீஷ் எழுத்துக்குத் தமிழ் உருவம் மாட்டுகிற பழைய ஃபாண்ட்) அடித்து வைத்திருந்த பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தேன். ‘அம்மா’ இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இங்கிலீஷ் வந்து நின்றது. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், அம்மாவுக்கு முதலாம் ஆண்டு நினைவு நாள் போஸ்டர். எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று சாயங்காலமே திரும்ப 7 போடவைத்தேன்.

பென்குயின்தம்பி:
அது ஃபாண்ட் ஏற்றாத குறை அண்ணே. பாமினியின் டிடிஎஃப் ஃபைலை ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் போட்டிருந்தால் தமிழ் வந்திருக்கும். எழுத்தை மாற்றித் தருகிற என்எச்எம் கன்வர்ட்டரில் எல்லாவற்றையும், எங்கே திறந்தாலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடாக மாற்றிவிட்டால் இந்தத் தலைவலியே போய்விடும்.

அச்சுப்பிழை:
எழுத்து மாறும். பார்டர், பிள்ளையார் படம், இரண்டு பத்தி அமைப்பு எல்லாம் யார் மாற்றுவது? பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழே தெரியாது. லினக்ஸில் பேஜ்மேக்கரும் கிடையாது.

பென்குயின்தம்பி:
லினக்ஸில் ஓடுகிற லிப்ரே ஆபீஸ் டிரா என்கிற மென்பொருள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். கொஞ்சம் கலைந்துதான் வரும், ஒத்துக்கொள்கிறேன். பேஜ்மேக்கர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

கணக்குப்பிள்ளை:
அடிக்கிற வேலைக்கு 7 இருக்கட்டும். நெட்டுக்கு வேறொரு பெட்டி வைத்தால் தீர்ந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் பார்ப்பதால்தானே இத்தனை பேச்சு?

அச்சுப்பிழை:
இரண்டு பெட்டிக்குக் கரண்ட் பில் நீங்கள் கட்டுவீர்களா?

ஸ்க்ரூடிரைவர்:
வீட்டுப் பரணில் ஒரு பழைய லேப்டாப்கூடவா இல்லை? அதில் லினக்ஸ் போட்டு நெட்டுக்கு வையுங்கள். அப்புறம் ஒன்று, யாராவது பென்டிரைவில் கோப்பு கொண்டுவந்தால் முதலில் அந்த லினக்ஸ் பெட்டியில் செருகிப் பாருங்கள். ஷார்ட்கட் வைரஸ் எத்தனை பெட்டியை நாசம் பண்ணியது என்று உங்களுக்கே தெரியும். 7-லிருந்து நெட் ஒயரை உருவிவிட்டாலும் அந்த வழி திறந்துதான் இருக்கும்.

அச்சுப்பிழை (பத்து நாள் கழித்து):
தோற்றேன் என்று எழுதவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். மகள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் பீரோ மேல் கிடந்தது. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் போட்டால் ஓடுகிறது. மின்ட் போட்டுத் தந்தார்கள். வங்கித் தளம் திறந்தது, வாட்ஸ்அப்பும் அதற்கு மாறிவிட்டது. கடைப் பெட்டியின் நெட் ஒயரை உருவிவிட்டேன். பத்திரிகை வேலை பழையபடியே நடக்கிறது. வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வருகிற பெயர்களைப் பார்த்து மறுபடி பாமினியில் அடிக்கவேண்டியிருக்கிறது, அது மட்டும் எரிச்சல்.

இன்னொரு கூத்து. நெட் இல்லாததால் கடைப் பெட்டி காலையில் எழுந்ததும் 2010 ஜனவரி 1 என்கிறது. முன்பெல்லாம் நெட் வந்ததும் தானே சரிபண்ணிக்கொள்ளும் போல.

ஸ்க்ரூடிரைவர்:
தேதியை நினைவில் வைக்கிற போர்டு பேட்டரி போயிருக்கும் அண்ணே. வாட்ச் கடையில் சிஆர்2032 என்று கேளுங்கள், ரூபாய் நாணயம் மாதிரி இருக்கும். பவரை ஆஃப் பண்ணிவிட்டு மாட்டுங்கள்.