சீக்கிரம் வந்தவருக்கு ஆப்சென்ட்

பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்ன பட்டறைக்கு வருகைப்பதிவு ஷீட் எழுதும் புரோகிராம் செய்து கொடுத்தபோது நடந்தது இது. பைதான் மொழியில், எக்செல் ஃபைல் எழுதித் தரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ்ரைட்டர் என்ற லைப்ரரியை வைத்துச் செய்தேன். முதல் தடவை ஓட்டியதும் தேதி வர வேண்டிய இடத்தில் 45292, 45293 என்று எண்களாக நின்றன. எக்செலுக்குத் தேதி என்பதே ஓர் எண்தான்: 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வரும், அந்தக் கணக்கில் 2024 ஜனவரி 1 என்பது 45292, நேரம் ஒரு நாளின் பின்னம், மதியம் 12 மணி என்றால் 0.5. ஃபார்மேட் (எண்ணை எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு) கொடுத்ததும் தேதியாகிவிட்டது.

அடுத்து எரர். பஞ்சிங் மெஷின் நேரமெல்லாம் சர்வரில் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருந்தது, எந்த ஊர் நேரம் என்று சொல்லும் டைம்ஸோனோடு வந்தது, எக்செல் செல்லில் டைம்ஸோனுக்கு இடமே கிடையாது. ரிமூவ் டைம்ஸோன் என்று ஓர் ஆப்ஷன் உண்டு, அதைப் போட்டேன், எரர் போனது, ஃபைலை அனுப்பிவிட்டேன்.

சம்பளம் போட்ட அன்று தர்மபுரிக்கார அண்ணன் ஒருவர் தேடி வந்தார். "தம்பி, நான் ஒரு நாள்கூட லீவு போடல, ஒன்பது நாள் ஆப்சென்ட்னு இருக்கே." சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காலண்டர் தாளை எடுத்து விரித்தார். வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளிலும் பேனாவால் டிக். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

6 மணி ஷிப்டுக்கு அவர் பல நாள் 5.20-க்கே வந்து விரல் வைத்திருக்கிறார். யூடிசி நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருப்பதால் அது முந்தின நாள் இரவு 11.50. அந்த ஆப்ஷன் டைம்ஸோனைக் கழற்றிவிடுமே தவிர நேரத்தை மாற்றித் தராது, அதனால் அவர் வருகை முந்தின நாள் தேதியில் விழுந்தது. 5.30-க்குப் பிறகு வந்தவர்களுக்குத் தேதி சரியாகவே விழுந்தது, நானும் ஃபார்மேட்டில் தேதியை மட்டுமே காட்டியிருந்தேன், அதனால் கணக்குப் பார்ப்பவர் கண்ணிலும் படவில்லை.

முதலில் ஏசியா/கொல்கத்தா நேரத்துக்கு, அதாவது இந்திய நேரத்துக்கு மாற்றி, அப்புறம் டைம்ஸோனைக் கழற்றி எழுதினேன். தயவுசெய்து இந்த வரிசையிலேயே செய்யுங்கள். அவருடைய வரிகளைச் சரிபார்க்கும்போது இன்னொன்றும் கிடைத்தது: ஓவர்டைம் கூட்டுத்தொகை 31.30 மணி, ஷீட்டில் 7.30 என்று காட்டியது, ஏனென்றால் சாதாரண மணி ஃபார்மேட் 24-ஐத் தாண்டியதும் திரும்பப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். மணியைக் குறிக்கும் எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டதும் முழுதாக வந்தது. ஒன்பது நாள் கூலியும் ஓவர்டைமும் அடுத்த வாரமே அவர் கைக்குப் போய்விட்டது.