பிஆர் காட் முடிந்தால் பிஆரும் போய்விடுமா?

வெள்ளவத்தையிலிருந்து கேட்கிறேன். அம்மாவுக்கு கனடா பிஆர் (நிரந்தர வதிவிடம்). அம்மம்மாவைப் பார்க்க வந்தவர், அவரின் வருத்தம் இழுபட்டதால் இங்கேயே நின்றுவிட்டார், அதற்குள் காட்டின் திகதி முடிந்துவிட்டது. ஒரு ஏஜென்சியில் கேட்டால் பிஆர் போய்விட்டது, விசிட் விசாவுக்குப் போடுங்கள் என்கிறார்கள். கடந்த ஐந்து வருடத்தில் பாதிக்கு மேல் ரொறொன்ரோவில் தம்பியோடுதான் இருந்தார். பிஆர் என்றால் அந்தக் காட்தானா?

மறுமொழி 1:
தயவுசெய்து விசிட் விசாவுக்குப் போட்டுவிடாதீர்கள்! பிஆர் உள்ளவருக்கு அந்த விசா கொடுக்கமாட்டார்கள், முதலில் பிஆரை வேண்டாமென்று எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள், அப்போதுதான் உண்மையிலேயே போகும். பிஆர் என்பது அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை, காட் அதற்கான அத்தாட்சி மட்டும். காட் முடிவதால் உரிமை தானாகப் போவதில்லை. பார்ப்பது நாள் கணக்கைத்தான்: பின்னோக்கி ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவுக்குள் இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு அது இருக்கும் போலத் தெரிகிறது, ஆனால் இங்கே நிற்க நிற்க பழைய நாட்கள் கணக்கிலிருந்து கழன்றுகொண்டே போகும், அதனால் சுணங்க வேண்டாம். செல்லுபடியாகும் காட் இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அதற்கு வெளிநாட்டில் நிற்கும் பிஆர்காரருக்கென்றே ஒரு பயண ஆவணம் இருக்கிறது, அதற்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நிராகரித்தாலும் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது கனடாவுக்கு மட்டும். மற்ற நாட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு ஆறுதலாக இருந்துவிடக் கூடாது. சுவிஸில் சி பெர்மிட் (அங்குள்ள நிரந்தர வதிவிட அனுமதி) வைத்திருப்பவர் முன்கூட்டியே அனுமதி கேட்காமல் ஆறு மாதம் வெளியே நின்றால் அது இல்லாமல் போகும். லண்டன்காரரின் ஐஎல்ஆர் (பிரித்தானியாவில் காலவரையின்றித் தங்கும் அனுமதி) தொடர்ந்து இரண்டு வருடத்துக்கு மேல் வெளியே நின்றால் போய்விடும். எல்லாவற்றையும் நாங்கள் பிஆர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், சட்டம் அப்படி இல்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய பாஸ்போர்ட்டும் இருக்கிறது, முத்திரைகளைப் பார்த்து நாள் எண்ணுகிறோம். காட்டை இங்கிருந்தே புதுப்பிக்க முடியாதா? பிஆர் எடுத்ததால் இலங்கைக் குடியுரிமைக்குப் பிரச்சினை வரும் என்றும் ஒருவர் சொன்னார்.

மறுமொழி 1:
முடியாது, புதிய காட்டுக்கு கனடாவுக்குள் நின்றுதான் போட வேண்டும். முதலில் பயண ஆவணம், போய் இறங்கியதும் காட். குடியுரிமைக்கு ஒன்றும் இல்லை, பிஆரோடு இருக்கும்வரை அம்மா இலங்கைப் பிரஜைதான். கனடாப் பிரஜை ஆனால்தான் இரட்டைக் குடியுரிமைக் கதை வரும்.