திண்டோரி சாலையில் இருந்தது ஒயின் தோட்டமா? தாள் சுற்றிய கொத்துக்குப் பதில் சொல்லுங்கள்

சுருளிப்பட்டிக்காரன்:
சென்ற வாரம் "மாட்டுங்கா புல்லட்" இங்கே ஒரு பயணக் கட்டுரை போட்டிருந்தார். மும்பையிலிருந்து ஆறு நண்பர்கள், ஆறு வண்டிகள், ஜனவரிக் குளிரில் ஒரே நாளில் நாசிக் போய்த் திரும்பியிருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அதில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "நாசிக்கிலிருந்து திண்டோரி வரை சாலையின் இருபுறமும் ஒயின் தோட்டங்கள், ஒயின் தேசத்தின் நெஞ்சுக்குள் வண்டி ஓட்டினோம்" என்று எழுதி, கீழே ஒரு படமும் போட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொடியில் தொங்கும் ஒவ்வொரு கொத்துக்கும் செய்தித்தாள் சுற்றியிருக்கிறது. ஒயினுக்குப் போகிற திராட்சைக்கு எந்த விவசாயி ஐயா தாள் சுற்றுவான்? அது சாப்பிடுகிற திராட்சை. பெட்டியில் அடுக்கிக் கப்பலேறுகிற திராட்சை. 22 வருடமாகக் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே குனிந்து குனிந்து முதுகு வளைந்தவன் சொல்கிறேன்.

மாட்டுங்கா புல்லட்:
பயணக் கட்டுரையில் ஆயிரம் விஷயம் எழுதினேன். அதிகாலை நாலரைக்குக் கிளம்பியது, கசாரா மலைப்பாதையில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிற பனி, இகத்புரியில் விரல் மரத்துப்போய் தேநீர் டம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றது, நாசிக்கில் கண்ணில் நீர் வரவழைத்த மிசல் பாவ். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்கள். நாசிக்கை இந்தியாவின் ஒயின் தலைநகரம் என்று ஊரே சொல்கிறது. ராஜீவ் சமந்த் அமெரிக்க வேலையை விட்டுவிட்டு வந்து குடும்ப நிலத்தில் தொடங்கிய சூலா ஒயின் ஆலை, 2000ஆம் ஆண்டில் முதல் ஒயினை வெளியிட்டது. அதன் பிறகு எத்தனை ஆலைகள்! கங்காப்பூர் அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஆலைக்கு நாங்கள் நேரிலேயே போனோம். பணியாளர் கொடி வரிசைகளுக்கு நடுவே அழைத்துச் சென்று செனின் பிளாங், சொவிஞ்ஞான் பிளாங் என்று ஒயின் திராட்சை வகைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். நீங்கள் போயிருக்கிறீர்களா?

சுருளிப்பட்டிக்காரன்:
தம்பி, ஆலைக்குப் போனதை நான் மறுக்கவில்லை. ஆலைத் தோட்டத்தில் எடுத்த படம் வேறு. அதில் கொடிகள் இடுப்பு உயரத்தில் வேலி போல நேராக நிற்கின்றன, கொத்துகள் சின்னதாக இருக்கின்றன, தாள் இல்லை. அதுதான் ஒயின் தோட்டம். நான் கேட்பது அந்த வரிக்குக் கீழே உள்ள படத்தை. தாள் சுற்றிய கொத்து. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

மாட்டுங்கா புல்லட்:
முதலில் "தம்பி" என்று அழைப்பதை நிறுத்துங்கள். எனக்கு 43 வயது. இரண்டாவது, தாள் சுற்றினால் என்ன? வெயில் படாமல் இருக்கச் சுற்றியிருப்பார்கள். ஒயின் திராட்சைக்கு வெயில் படாதா?

சுருளிப்பட்டிக்காரன்:
வெயிலுக்கும் சுற்றுவார்கள்தான். ஆனால் அங்கே டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் இறங்கினால் பச்சைத் திராட்சையின் தோலில் இளஞ்சிவப்பு ஏறிவிடும். வெளிநாட்டு வியாபாரி அதைக் கையால்கூடத் தொடமாட்டான். அதற்காகத்தான் கொத்துக் கொத்தாகத் தாள் கட்டுகிறார்கள். ஓர் ஏக்கருக்கு எத்தனை ஆயிரம் கொத்து, எத்தனை பெண்கள் எத்தனை நாள் நின்று கட்ட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். நசுக்கிச் சாறெடுக்கப் போகிற பழத்தின் அழகுக்கு அந்தக் கூலியை யார் கொடுப்பார்கள்? பிஞ்சாக இருக்கும்போதே ஒவ்வொரு கொத்தையும் ஜி.ஏ. என்கிற வளர்ச்சி மருந்தில் முக்கி எடுப்பார்கள், காய் நீளமாகப் பருக்க வேண்டும் என்று. ஒயினுக்கு அது நேர் எதிர். காய் சிறுத்து, தோல் தடித்து, விதையோடு இருக்க வேண்டும். சுவையும் நிறமும் தோலில்தான் இருக்கின்றன. இது தெரியாமல் "ஒயின் தேசத்தின் நெஞ்சு" என்று எழுதக் கூடாது.

பூனாவாசி:
நான் 18 வருடமாகப் புனேயில் இருக்கிறேன். நாசிக் மாவட்டத்தில் விளைவதில் பெரும்பகுதி சாப்பிடும் திராட்சைதான். தாம்சன் விதையில்லாதது, சோனாகா, இப்படி. நிபாட், பிம்பள்காவ் பக்கமெல்லாம் ஏற்றுமதிக்கான குளிர்ப்பதனக் கிடங்குகள். ஒயின் தோட்டம் அதற்கு நடுவே தீவு தீவாகத்தான் இருக்கிறது. சுருளிப்பட்டி ஐயா சொல்வதில் தவறில்லை. ஆனால் அதைச் சொல்கிற முறை கொஞ்சம் கசக்கிறது.

சுருளிப்பட்டிக்காரன்:
கசக்கட்டும் அம்மா. தாள் சுற்றியிருக்கிறதா இல்லையா?

ஈரோட்டு டோமினார்:
மும்பையிலிருந்து நாசிக் போக இப்போது சமிருத்தி விரைவுச் சாலை வந்துவிட்டது. எதற்குக் கசாரா மலையில் லாரிக்குப் பின்னால் புகை குடித்துக்கொண்டு போனீர்கள்?

மாட்டுங்கா புல்லட்:
சமிருத்தியில் இருசக்கர வண்டிக்கு அனுமதியே இல்லை. ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு மகாராஷ்டிரச் சாலைக்கு வழி சொல்ல வேண்டாம்.

ஈரோட்டு டோமினார்:
கேட்டால் கோபமா? சென்ற ஆண்டு கொல்லிமலைக்கு 72 கொண்டை ஊசி வளைவு என்று எழுதியவர்தானே நீங்கள்? 70 என்று நான் சொன்னதற்கும் இப்படித்தான் குதித்தீர்கள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படிக்கவே பொறுமை இல்லாதவருக்குத் தாள் சுற்றிய கொத்து எப்படிக் கண்ணில் படும்?

மாட்டுங்கா புல்லட்:
அடிவாரத்தில் வருகிற இரண்டு வளைவுகளையும் சேர்த்து எண்ணினேன் என்று அன்றைக்கே விளக்கினேன். அதை இங்கே இழுப்பது கீழ்த்தரம்.

தலைக்கவசம்:
எனக்கு வேறு கேள்வி. ஒயின் ஆலைக்குப் போய்விட்டு அங்கிருந்து 170 கிலோமீட்டர் வண்டி ஓட்டித் திரும்பியிருக்கிறீர்கள். 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராம் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். என் அக்காள் மகன் இரண்டு வருடமாக ஊன்றுகோலில் நடக்கிறான். எதிரே வந்தவன் "ஒரு கோப்பைதான்" என்றான். அந்தக் கட்டுரையில் "ருசி பார்த்தோம்" என்று ஒரு சொல் இருக்கிறது. யார் ருசி பார்த்தது?

மாட்டுங்கா புல்லட்:
உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நேர்ந்தது எனக்கும் வருத்தம்தான். நான் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. இரண்டு பேர் வாயில் வைத்துக் கொப்பளித்து, அங்கே அதற்கென்றே வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பிவிட்டார்கள். ஒயின் ருசிப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

தலைக்கவசம்:
துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகும். வண்டிச் சாவியோடு போகிறவர் ஏன் வாயில் வைக்க வேண்டும்? பஸ்ஸில் போகலாமே.

சுருளிப்பட்டிக்காரன்:
அதைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். இங்கே கேள்வி தாள்.

மாட்டுங்கா புல்லட்:
சரி, பந்தலுக்கே வருகிறேன். ஒயின் தோட்டம் என்றால் இடுப்பு உயர வேலிதான் என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போர்த்துகலின் வின்யோ வெர்டே பகுதியில் காலங்காலமாக உயரப் பந்தலில்தான் ஒயின் திராட்சை ஏற்றியிருக்கிறார்கள். ஸ்பெயினின் ரியாஸ் பைஷாஸ் பகுதியில் அல்பரினோ கொடி கல்தூண் பந்தலில் நிற்கிறது. ஈரம் அதிகமான ஊர், காற்றோட்டம் வேண்டும் என்று அப்படிச் செய்தார்கள். கம்பத்துக்கு வெளியேயும் உலகம் இருக்கிறது ஐயா.

சுருளிப்பட்டிக்காரன்:
திண்டோரி எப்போது போர்த்துகலுக்குப் போனது? நான் பந்தலைக் குறை சொல்லவே இல்லை. பந்தலில் வளர்ந்தவன் பந்தலைப் பழிப்பானா? உங்கள் படத்தில் பந்தல்கூட இல்லை, ஒய் எழுத்துப் போலக் கை விரித்த கம்பி. அதுகூட எனக்குப் பொருட்டில்லை. போர்த்துகலில் கொத்துக்குச் செய்தித்தாள் சுற்றுகிறார்களா? அதைச் சொல்லுங்கள்.

மாட்டுங்கா புல்லட்:
உங்கள் உண்மையான வருத்தம் எனக்குத் தெரியும். நாசிக்கைப் பற்றி எழுதினேன், கம்பத்தைப் பற்றி எழுதவில்லை. அவ்வளவுதான்.

சுருளிப்பட்டிக்காரன்:
கம்பத்துக்கு உங்கள் எழுத்துத் தேவையில்லை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து, இரண்டு வெட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு அறுவடை. எங்கள் ஊரில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காற்றும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் கொடுத்த வரம். ஆனால் என்னைக்காவது நான் "கம்பம் ஒயின் தேசம்" என்று எழுதியிருக்கிறேனா? பெரும்பாலும் சாப்பிடுகிற பழம்தான், சாப்பிடுகிற பழம் என்றுதான் சொல்வேன். அதில் என்ன கேவலம்? திண்டோரி விவசாயியும் சாப்பிடுகிற பழத்தைத்தான் விளைவிக்கிறான். அவன் உழைப்பை எதற்காக ஒயின் ஆலைக்காரனின் கணக்கில் எழுதுகிறீர்கள்? ஒரு ஜனவரி மழையில் பழம் வெடித்தால் அழப்போவது அவன்தான்.

பூனாவாசி:
இந்த ஒன்றை முதலிலேயே சொல்லியிருக்கலாம் ஐயா. இதுதான் நியாயமான வருத்தம்.

பெங்களூர் வடக்கு:
ஒயின் தோட்டச் சவாரி என்றால் நந்தி மலை அடிவாரத்துக்கு வாருங்கள். பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரம், காலை உணவுக்குத் திரும்பிவிடலாம்.

ஈரோட்டு டோமினார்:
பெங்களூரில் ஒரு மணி நேரத்தில் ஹெப்பாள் நெரிசலைத் தாண்டுவீர்களா?

ஆறாவது வண்டி:
நான் அந்தப் பயணத்தில் கடைசியாக வந்தவன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்தது நான். திண்டோரிக்கு முன்னால் என் பல்சரின் செயின் கழன்றுவிட்டது. மற்ற ஐந்து பேரும் ஒரு கொட்டகைக்கு முன்னால் நின்றார்கள். தோட்டத்துக்காரர் வயதானவர், வெள்ளைத் தொப்பி. செயினை மாட்டிய என் கை முழுக்கக் கரி. அவர் சொம்பில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவவிட்டு, ஒரு கொத்தைப் பறித்து, தாளைப் பிரித்து எங்களுக்குக் கொடுத்தார். பழம் விரல் கணு நீளம், மெழுகு பூசியது போல வெளிர்ப்பச்சை. விதை இல்லை. காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

சுருளிப்பட்டிக்காரன்:
விதை இல்லை. நீளமான பச்சை. தாளைப் பிரித்துக் கொடுத்தார். சாப்பிடக் கொடுத்தார். மாட்டுங்கா புல்லட் எங்கே?

மாட்டுங்கா புல்லட்:
இருக்கிறேன். எங்கும் ஓடவில்லை. அவர் பறித்துக் கொடுத்த கொத்து வேறு, படத்தில் உள்ள கொத்து வேறு.

ஆறாவது வண்டி:
ஒரே கொடி நண்பா. பறித்த இடத்தின் காம்புகூடப் படத்தின் இடது ஓரத்தில் தெரிகிறது.

மாட்டுங்கா புல்லட்:
உனக்கு இதுதான் சமயமா? உன் செயினால் எல்லோருக்கும் முக்கால் மணி நேரம் வீணானது. கிளம்புவதற்கு முந்தைய நாள் எண்ணெய் விட்டு இறுக்கச் சொன்னேன், செய்தாயா? திரும்பும்போது ஷாஹாப்பூர் தாண்டும்வரை இருட்டில் உனக்காகத்தான் மெதுவாக ஓட்டினோம். பெட்ரோல் கணக்கில் உன் பங்கு 340 ரூபாய் இன்னும் வரவில்லை. அதையெல்லாம் நான் கட்டுரையில் எழுதவில்லை, நட்புக்காக.

ஆறாவது வண்டி:
340ஐ இகத்புரித் தேநீருக்கும் மிசலுக்கும் நான் கொடுத்ததில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். நீயும் தலையாட்டினாய். எல்லோர் முன்னாலும் கேட்டது சரியில்லை.

தலைக்கவசம்:
செயின் தளர்ந்த வண்டியோடு மலைப்பாதையா? தலைக்கவசமாவது ஆறு பேருக்கும் இருந்ததா?

மாட்டுங்கா புல்லட்:
இருந்தது, கையுறையும் இருந்தது. இனி ஒரே ஒரு தடவை சொல்கிறேன். நான் ஒயின் தேசம் என்று எழுதியது அந்த நிலப்பரப்பை. தாம்சன் திராட்சையிலிருந்தும் மலிவு விலை ஒயின் எடுத்திருக்கிறார்கள். ஆகவே அந்தத் தோட்டத்துப் பழம் ஒயினுக்குப் போகவே போகாது என்று உங்களால் நிரூபிக்க முடியாது. என் வரியை மாற்றப்போவதில்லை.

சுருளிப்பட்டிக்காரன்:
தாள் சுற்றி, மருந்தில் முக்கி, ஒரு கொத்துக்கு இத்தனை மணிதான் என்று கத்தரியால் கழித்து வளர்த்த பழத்தை மலிவு ஒயினுக்குக் கொட்டுவானா? விலை விழுந்து, வியாபாரி கைவிட்டு, வேறு வழியில்லாமல் கொட்டியிருப்பான். அதற்குப் பெயர் ஒயின் தோட்டமா? வரியை மாற்றுங்கள், அல்லது படத்தை எடுங்கள். இரண்டில் ஒன்று.

மாட்டுங்கா புல்லட்:
இரண்டும் இருக்கும்.

பெங்களூர் வடக்கு:
அந்தக் கொட்டகை திண்டோரிக்கு எத்தனை கிலோமீட்டர் முன்னால்? அடுத்த மாதம் அந்தப் பக்கம் போகிறோம்.

ஆறாவது வண்டி:
நாசிக்கிலிருந்து வந்தால் இடப்பக்கம், ஒரு வேப்பமரத்தை ஒட்டி. போனால் அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள், கரி போய்விட்டது என்று.

சுருளிப்பட்டிக்காரன்:
காலை நாலு மணி. மருந்தடிக்கத் தோட்டத்துக்குக் கிளம்புகிறேன். மாலையில் வந்து பார்ப்பேன். படம் அந்த வரிக்குக் கீழே இன்னும் இருந்தால் மறுபடியும் கேட்பேன்.