வீட்டில் செய்த சீஸ் சோப்பு மாதிரி இருக்கிறது: சோடியம் சிட்ரேட் அளவு தப்பா?

தோசைக்கல்_அம்மா:
பையனுக்குப் பள்ளி விட்டு வந்ததும் சீஸ் தோசைதான் வேண்டும். கடைச் சீஸ் கட்டுப்படியாகவில்லை என்று, ஒரு வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே செய்தேன். இரண்டு தடவையும் வீண்.

முதல் தடவை: ஒரு லிட்டர் பாக்கெட் பாலை, கொழுப்பு அதிகமுள்ள வகைதான், பொங்கவிட்டு வினிகர் ஊற்றித் திரித்தேன். வடிகட்டிப் பிழிந்தேன். ஒரு டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட்டை (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கொடுத்தார்கள்) தண்ணீரில் கரைத்து, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா போட்டேன். புஸ்ஸென்று நுரைத்து அடங்கியது. அந்தத் தண்ணீர்தான் சோடியம் சிட்ரேட்டாம். அதோடு வெண்ணெய், உப்பு சேர்த்து மிக்ஸியில் அடித்தால் ரவை ரவையாக நின்றது. தோசைமேல் போட்டால் உருகவே இல்லை.

சரி, சோடா போதவில்லை போலிருக்கிறது என்று அடுத்த முறை ஒரு டேபிள்ஸ்பூன் போட்டேன். மழமழவென்று அரைபட்டது. ஆனால் வாயில் வைத்தால் ஒரே சோப்பு. "இது துணி துவைக்கிற சீஸாம்மா?" என்கிறான் பையன். எங்கே தப்பு?

அவசரக்_குக்கர்:
பேக்கிங் பவுடர் போட்டிருப்பீர்கள். அதில் மாவும் கலந்திருக்கும்.

தோசைக்கல்_அம்மா:
இல்லைங்க, ஆப்ப சோடாதான். டப்பாவை மறுபடி பார்த்துவிட்டேன்.

ஓய்வுபெற்ற_வேதியியல்_வாத்தியார்:
முதல் தடவை போட்ட அளவு கிட்டத்தட்ட சரியம்மா. சரியாக இருந்ததை மாற்றி, தப்பை அப்படியே விட்டுவிட்டீர்கள்.

முதலில் சோப்பு ருசி. சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று அமிலக் கைகள். ஒவ்வொரு கைக்கும் ஒரு சோடா மூலக்கூறு வேண்டும். மூன்றும் நிரம்பினால் ட்ரைசோடியம் சிட்ரேட், கூடவே தண்ணீர், கரியமில வாயு. எடைக் கணக்கில், 210 கிராம் அமிலத்துக்கு (ஒரு மூலக்கூறு தண்ணீர் ஒட்டிய வகை) 252 கிராம் சோடா. அதாவது 1.2 மடங்கு. தண்ணீர் ஒட்டாத வகையானால் 1.3 மடங்கு. உங்கள் ஒரு டீஸ்பூன் அமிலம் 5 கிராம் என்று வைத்தால் சோடா 6 கிராம் போதும். டேபிள்ஸ்பூன் என்பது மூன்று டீஸ்பூன், ஏறக்குறைய 14 கிராம். மிச்சம் 8 கிராம் சோடா அப்படியே சீஸுக்குள் போய்விட்டது. அந்த ருசிதான் அது.

தராசு இல்லையென்றால் ஒரு வழி. நுரை அடங்கியதும் ஒரு கரண்டி எடுத்து அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். பொங்கினால் சோடா மிச்சம். சும்மா கிடந்தால் இன்னொரு கரண்டியில் சிட்டிகை சோடா போடுங்கள். அதற்குப் பொங்கினால் அமிலம் மிச்சம். இரண்டுக்கும் அசையாமல் இருந்தால் சரியான பதம். கலக்கும்போது உயரமான டம்ளராக எடுங்கள், சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் பாதி மேடையில்தான் இருக்கும்.

இந்தச் சிட்ரேட் உப்பு எதற்கு? பாலில் உள்ள கேசீன் புரதத்தைச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. சிட்ரேட் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கும். கட்டு தளர்ந்த கேசீன் தண்ணீரையும் கொழுப்பையும் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். 1911இல் சுவிட்சர்லாந்தின் தூன் ஊரில் கெர்பர் கம்பெனிக்காரர்கள் எமென்டால் சீஸை இப்படித்தான் உருக்கி ப்ராசஸ்டு சீஸ் ஆக்கினார்கள். கடைச் சீஸ் அட்டையில் 331 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள். அது இதுதான். வினிகரில் திரித்தால் கால்சியத்தில் பெரும்பங்கு வடிநீரோடு போய்விடும். அங்கே சிட்ரேட்டுக்குப் புளிப்பை அடக்கும் வேலையும் சேர்கிறது.

ரவை ஏன் வந்தது என்பதைப் பால் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

பால்_வடிகட்டி:
ரவை சோடாவால் வந்ததில்லை அக்கா, பொங்கவிட்டதால் வந்தது. நீங்கள் செய்தது பனீர். கொதித்த பாலில் வடிநீரோடு போக வேண்டிய புரதமும் கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். குருமாவில் கொதிக்கவிட்டாலும் பனீர் உருகாததற்கு இதுவும் ஒரு காரணம். பாலை 45–50 டிகிரி, விரல் பொறுக்கும் சூட்டோடு நிறுத்தி வினிகரை விடுங்கள். திரிந்ததைப் பிசைந்தால் சூயிங்கம் மாதிரி கையில் ஒட்டி இழுபடும். அந்தப் பதத்தில் அரையுங்கள். பாக்கெட் பால் ஏற்கனவே பாஸ்சரைஸ் ஆனது, பயமில்லை. கறந்த பாலென்றால் 63 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆறவிட்டு அப்புறம் செய்யுங்கள். அட்டைப்பெட்டிப் பால் வேண்டாம், அது உயர்ந்த சூட்டில் காய்ச்சியது.

நீலமூடி_லேப்:
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. உறைதல் நேரம் பார்க்கும் நீல மூடிக் குழாயில் நாங்கள் வைப்பதும் இதே உப்புதான், 3.2 சதவீதக் கரைசல். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும், சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துவிடும். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு. "கொஞ்சம் குறைவாக எடுங்களேன்" என்று எல்லோரும் கெஞ்சுவார்கள். குறைந்தால் சிட்ரேட் விகிதம் கூடி, உறைய நேரமாவதாகத் தப்பான முடிவு வரும்.

திருச்சி_மருமகள்:
சிறுநீர் எரிச்சலுக்கு மாமியார் குடிக்கும் சிரப்பிலும் சிட்ரேட் என்று போட்டிருக்கிறதே? இந்தத் தண்ணீரையே கலந்து கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற_வேதியியல்_வாத்தியார்:
வேண்டாம். அது டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட், மூன்று கைகளில் இரண்டுதான் நிரம்பியது, அளந்து கொடுக்கும் மருந்து. ஓஆர்எஸ் பொட்டலத்திலும் லிட்டருக்கு 2.9 கிராம் சிட்ரேட் உண்டு, அதையும் வீட்டில் தயாரிக்க முயல வேண்டாம். இன்னொன்று: சீஸுக்குப் போட்ட 5 கிராம் அமிலத்திலிருந்து வருவது சுமார் 7 கிராம் சிட்ரேட், அதில் சுமார் 1.6 கிராம் சோடியம். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தச் சீஸ் தள்ளியே இருக்கட்டும்.

தோசைக்கல்_அம்மா:
நேற்று மறுபடி செய்தேன். முக்கால் டீஸ்பூன் அமிலம், முக்கால் டீஸ்பூனுக்குச் சற்று மேலே சோடா. எலுமிச்சைச் சொட்டுக்கு அசையவில்லை, சோடாச் சிட்டிகைக்கும் அசையவில்லை. பால் இளஞ்சூடுதான். மிக்ஸியில் பளபளவென்று திரண்டது. நெய் தடவிய கிண்ணத்தில் ஊற்றி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் கத்தி போட்டால் நழுவிக்கொண்டு போகிறது! தோசைமேல் உருகியது, ஆனால் கடைச் சீஸ் மாதிரி நூல் இழுக்கவில்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

பால்_வடிகட்டி:
நூல் வேண்டுமென்றால் மொசரெல்லாதான் அக்கா. சிட்ரேட் போட்டால் மழமழப்பு வரும், நூல் வராது.

தோசைக்கல்_அம்மா:
சரி, விடுங்கள். பையன் மூன்றாவது தோசை கேட்கிறான், போகிறேன்.