இருவர் பெயரிலும் உள்ள வீடு: பிரிந்து வாழும் கணவர் உள்ளே செல்ல மனைவி மறுக்கலாமா?

கேள்வி – அரைப்பங்கு (புனைபெயர்)

வணக்கம். நானும் என் மனைவியும் ஏழு மாதங்களாகப் பிரிந்து வாழ்கிறோம். இதுவரை இருவருமே நீதிமன்றம் செல்லவில்லை. வீடு இருவர் பெயரிலும் ஒரே கிரயப் பத்திரத்தில் வாங்கியது. யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்தில் குறிப்பிடவில்லை. கடன் ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டிருந்தாலும், மாதத் தவணை முழுவதும் என் சம்பளக் கணக்கிலிருந்தே போகிறது.

சண்டை முற்றிய ஓர் இரவில் இரண்டு பெட்டிகளோடு நான்தான் வெளியேறினேன். அதன்பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்று, என் மேசையில் உள்ள கோப்புகளைப் பார்த்துவிட்டு வருவேன். நான்கு மாதங்களுக்கு முன் அப்படிச் சென்றபோது சாவி பாதி நுழைந்து நின்றுவிட்டது. குனிந்து பார்த்த பிறகுதான் பூட்டு புதிது என்பது தெரிந்தது. பழைய பூட்டின் திருகாணித் துளைகளைக்கூட யாரும் அடைத்திருக்கவில்லை. "சொல்லாமல் வராதீர்கள்" என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று கூறி, மனு பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மட்டும் கொடுத்தார்கள்.

என் சொந்த வீட்டுக்குள் செல்ல நான் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? பூட்டுத் திறப்பவரை அழைத்துச் சென்று திறந்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பணம் கட்டுபவன் என்ற முறையில் எனக்குக் கூடுதல் உரிமை உண்டா?

பதில் – குறுக்குவிசாரணை

முதலில் நண்பர்களின் யோசனையை ஒதுக்கி வையுங்கள். நான் நீண்ட காலம் சிவில் வழக்குகள் நடத்தியவன். சரியான பக்கத்தில் இருந்தவர் பூட்டை உடைத்த ஒரே நாளில் தவறான பக்கத்துக்குப் போனதை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் உரிமையில் சந்தேகமில்லை. பாகம் பிரிக்கப்படாத சொத்தில் ஒவ்வொரு கூட்டு உரிமையாளருக்கும் முழுச் சொத்தையும் அனுபவிக்கும் உரிமை உண்டு; "சமையலறை எனக்கு, கூடம் உனக்கு" என்று ஒருவர் தாமாகக் கோடு போட முடியாது. ஒருவர் மட்டும் அங்கே வசித்தாலும், மற்றவரை வெளிப்படையாக விலக்கி வைக்காத வரை, அந்த அனுபவம் (சொத்தைக் கைவசம் வைத்திருப்பது) மற்றவருக்காகவும்தான் என்று சட்டம் கருதும். ஆகவே நீங்கள் வேறிடத்தில் தங்கியதால் மட்டும் உங்கள் உரிமை குறைந்துவிடவில்லை. தவணை பற்றிக் கேட்டீர்கள். சொத்து மாற்றுச் சட்டம், 1882-இன் 45-ஆம் பிரிவின்படி, கூட்டாக வாங்கிய சொத்தில் யார் எவ்வளவு பணம் போட்டார்கள் என்பதற்குச் சான்று இருந்தால் அந்த விகிதத்தில் பங்கு உண்டு. சான்று இல்லையென்றால் சமபங்கு என்றே அனுமானிக்கப்படும். உங்கள் வங்கிக் கணக்கு அறிக்கை பங்கின் அளவைப் பேசும்போது பயன்படலாம். ஆனால் கதவைத் திறப்பதற்கு அது சாவியாகாது, ஏனெனில் பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் வீட்டுக்குள் இருக்கும் உரிமை உண்டு.

உங்களுக்கு அவசரமானது வேறொன்று. குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் (Specific Relief Act), 1963-இன் 6-ஆம் பிரிவின்படி, சட்ட நடைமுறைக்குப் புறம்பாக, தம் சம்மதமின்றி அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர், சொத்து யாருடையது என்ற விசாரணைக்குள்ளேயே போகாமல், பழைய நிலையை மீட்டுத் தரும்படி வழக்குப் போடலாம். அதற்குக் கெடு ஆறு மாதம். உங்களுக்கு நான்கு மாதம் கழிந்துவிட்டது. வீட்டை விட்டு நீங்களே போனீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஞாயிறுதோறும் வந்தீர்கள், கோப்புகள் உள்ளே இருக்கின்றன, சாவி உங்களிடம் இருந்தது என்ற மூன்றையும் வைத்து, வெளியேறிய இரவில் அல்ல, பூட்டு மாற்றிய நாளில்தான் உங்கள் அனுபவம் பறிக்கப்பட்டது என்று எதிர்வாதம் வைக்க இடம் உண்டு என்பதே என் கருத்து. கெடு தாண்டினாலும் உரிமையின் அடிப்படையில் வழக்கு நடத்தலாம். ஆனால் அது நீண்ட பாதை. எந்த மன்றம் என்பதையும் கவனியுங்கள்: கணவன் மனைவிக்கு இடையிலான சொத்துத் தகராறுகள், 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, குடும்ப நீதிமன்றம் உள்ள இடங்களில் அங்கேதான் செல்ல வேண்டும். தவறான இடத்தில் தாக்கல் செய்து மனு திரும்பி வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

பதில் – மாற்றுச்சாவி

நான் கதவின் மறுபக்கத்தில் நின்றவள். எங்கள் வீடும் இருவர் பெயரில்தான் இருந்தது. பூட்டை மாற்றியவள் நான்தான். கேள்வி கேட்டவரின் மனைவி ஏன் மாற்றினார் என்பது எனக்குத் தெரியாது, அதனால் அவருக்காக நான் வாதாடவில்லை. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாலை நான் துணி உலர்த்திவிட்டு மாடியிலிருந்து இறங்கியபோது, பிரிந்து சென்ற கணவர் கூடத்தில் அமர்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அன்றிலிருந்து, குளியலறைக்குச் செல்லும்போதுகூட வாசல் கதவின் தாழ்ப்பாளை இருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் போவேன்.

ஐயா, உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒருவர் வசிக்கிறார். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, வன்முறை நடந்தது என்று குற்றவியல் நடுவர் திருப்தியடைந்தால், இருவரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து கணவரை வெளியேறச் சொல்லவும், மனைவி வசிக்கும் பகுதிக்குள் நுழையக் கூடாது என்று தடுக்கவும் முடியும்; வீடு கணவர் பெயரிலேயே இருந்தாலும் அது தடையில்லை. வெளியேறச் சொல்லும் அந்த உத்தரவைப் பெண்களுக்கு எதிராகப் பிறப்பிக்க முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நீங்கள் பூட்டை உடைத்தால், இதுவரை அவரிடம் இல்லாத ஓர் ஆதாரத்தை உங்கள் கையாலேயே கொடுப்பீர்கள்.

எங்கள் விவகாரம் ஒரே ஒரு தாளில் முடிந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன் செய்தி அனுப்ப வேண்டும், பகல் நேரத்தில் வர வேண்டும், இருதரப்பும் ஏற்ற ஒருவர் உடன் இருக்க வேண்டும், எடுத்துச் செல்லும் பொருளைக் குறித்துக் கையெழுத்திட வேண்டும் என்று வக்கீல்கள் எழுதினார்கள். முதல் முறை அவர் வந்தபோது ஒரு பழைய ரேடியோவையும் இரண்டு கோப்புகளையும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விட்டார்.

கேள்வி கேட்டவர் – அரைப்பங்கு

இருவருக்கும் நன்றி. சகோதரி எழுதியதைப் படித்தபோது, எனக்கு வேண்டியது அங்கே திரும்பக் குடியேறுவதா, அல்லது என் கோப்புகளும் என் பணமுமா என்று முதன்முறையாக என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டாவதுதான். அப்படியென்றால் தவணையை நிறுத்திவிட்டு, என் பங்கை வெளியாள் ஒருவருக்கு விற்றுவிடலாமா?

பதில் – தவணைநாள்

வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். தவணையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடனில் இருவரும் கையெழுத்திட்டால், முழுத் தொகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. நீங்கள் நிறுத்தினால் வங்கி உங்கள் மனைவியை மட்டும் துரத்தாது. கணக்கு வாராக்கடன் ஆனபின், அடமானச் சொத்தை வங்கியே கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் இருவர் பெயருக்கும் வரும், உங்கள் கடன் வரலாறும் சேர்ந்தே கெடும். அவரை அசைக்க நினைத்து, நீங்களும் உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டாதீர்கள். கட்டிக்கொண்டே இருங்கள், ஒவ்வொரு தவணைக்கும் சான்றை எடுத்து வையுங்கள்.

பதில் – குறுக்குவிசாரணை

பங்கை வெளியாளுக்கு விற்பது காகிதத்தில் முடியும். ஆனால் பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கும் வெளியாளுக்கு, உள்ளே வந்து கூட்டாக வசிக்கும் உரிமை கிடையாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் பாகப்பிரிவினை கேட்டு வழக்குத்தான் போட முடியும். வழக்கை விலை கொடுத்து வாங்க வருபவர் உங்களுக்கு நியாய விலை தரப்போவதில்லை.

நேர்வழி, பாகப்பிரிவினையை நீங்களே கேட்பது. ஒரே வீட்டைச் சுவர் எழுப்பிப் பிரிக்க முடியாதபோது, பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்டால், விற்றுப் பணத்தைப் பகிரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு. அப்படி நீங்கள் கேட்டால், 3-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு உங்கள் பங்கைத் தாமே வாங்கிக்கொள்ள உங்கள் மனைவி விண்ணப்பிக்கலாம். வீட்டை விட்டுப் போக அவருக்கு மனமில்லை என்றால் அதைத்தான் செய்வார், உங்களுக்கும் பணம் வந்துவிடும். இருவரும் பேசி முடிவுக்கு வந்தால் வழக்கே வேண்டாம். உங்கள் பங்கை அவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடலாம். ஆனால் கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்க வங்கி எழுத்தில் சம்மதிக்கும் முன் அதில் கையெழுத்திடாதீர்கள். பங்கை விட்டுவிட்டுத் தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் என் அலுவலகத்துக்கு நிறையவே வந்திருக்கிறார்கள்.

இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். கோப்புகளை எடுக்க இரண்டு தேதிகளைக் குறிப்பிட்டு, உடன் யார் வரலாம் என்பதைத் தேர்வு செய்யும் உரிமையை மனைவிக்கே விடுங்கள். பூட்டு மாற்றப்பட்டதை நீங்கள் அறிந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதியை அதில் தெளிவாக எழுதி, காவல் நிலைய ரசீதின் நகலை இணையுங்கள். நோட்டீஸ் அனுப்பியதால் ஆறு மாதக் கெடு நின்றுவிடாது; பதில் வராவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எண்ணி, கெடுவுக்குள் மனு தாக்கலாகிவிட வேண்டும்.