பேட்மின்டன் ஹாலில் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மஞ்சள் இருட்டு: கேமரா கோளாறா?

அல்சூர்க்காரன்:
வணக்கம் மக்களே. அக்கா மகள் பேட்மின்டன் ஆடுகிறாள், வர்ற ஞாயிறு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஹாலில் 15 வயசுக்குட்பட்டோர் போட்டி. போன தடவை அதே ஹாலில் எடுத்தபோது, தொடர்ச்சியாக அழுத்தினால் ஒரு படம் நன்றாக இருக்கிறது, அடுத்தது மங்கலாக மஞ்சளடித்து வருகிறது, செட்டிங் எதையும் தொடவில்லை. கேனான் 80டி, கூடவே வந்த 18-135 லென்ஸ். ஃபிளாஷ் போடவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், அது நியாயம்தான். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போகணுமா, இல்லை வேறு ஏதாவது வழி இருக்கிறதா?

லென்ஸ்பித்தன்:
கேமராவுக்கு ஒன்றுமில்லை, சர்வீஸுக்குக் காசு அழாதீர்கள். விளக்குதான் துடிக்கிறது. நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மெட்டல் ஹாலைடு, டியூப்லைட் மாதிரியான விளக்குகள் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி என்று வைத்து நீங்கள் எடுத்தால் ஒரு துடிப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் படத்தில் விழும். உச்சத்தில் மாட்டினால் பளிச், பள்ளத்தில் மாட்டினால் இருட்டு, அந்தப் பள்ளத்தில் நிறமும் மாறிவிடும். பெரிய ஸ்டேடியங்களில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வெவ்வேறு ஃபேஸில் இணைத்திருப்பார்கள், ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறி ஈடுகட்டும். சின்ன ஹாலில் யார் அதெல்லாம் பார்க்கிறார்கள்?

80டி மெனுவில் ஆன்ட்டி ஃப்ளிக்கர் என்று ஒன்று இருக்கும், ஆன் பண்ணுங்கள். விளக்கு உச்சத்துக்கு வரும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்கும். தொடர் வேகம் கொஞ்சம் குறையும், அழுத்தியதும் மயிரிழை தாமதமும் இருக்கும், பழகிவிடும். வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கிற துளை) வழியாகப் பார்த்து எடுத்தால்தான் வேலை செய்யும், பின்பக்கத் திரையைப் பார்த்து எடுத்தால் பலனில்லை.

அப்புறம் முழு மேனுவல், ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் சேமிக்கிற மூலப்படம்), ஷட்டர் 1/640 பக்கம் வைத்துக்கொண்டு ஐஎஸ்ஓவை (ஒளிக்கான உணர்திறனை) 6400 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளிபுள்ளியாக வந்தால் மென்பொருளில் துடைத்துக்கொள்ளலாம். கை, கால், முகமெல்லாம் இழுபட்டு வந்த படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஒயிட் பேலன்ஸுக்கு (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வதற்கு) கோர்ட்டில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அந்த ஒரு படத்தை மட்டும் 1/50-ல் எடுங்கள், துடிப்பு முழுசாக அதில் அடங்கிவிடும். 1/500-ல் எடுத்துச் செட் பண்ணினால் அதுவே தப்பாகத்தான் வரும்.

பெல்லந்தூர் ஷட்டில் அம்மா:
என் மகன் ஆடுவதால் எல்லா ஹாலிலும் தரையில் உட்கார்ந்து எடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன் தம்பி. செட்டிங் பாதி, உட்காரும் இடம் பாதி. ஆடுகிறவர்கள் கண் கூசக் கூடாதென்று விளக்கை கோர்ட்டின் இரண்டு பக்கவாட்டிலும்தான் மாட்டுவார்கள், நடுவில் நேர்மேலே இருக்காது. அதனால் குனிந்து சர்வீஸை எதிர்பார்த்து நிற்கும்போது கண்குழி கறுப்பாகத் தெரியும். ஸ்மாஷுக்கோ (ஓங்கி அடிப்பதற்கோ) கிளியருக்கோ (பின்கோடு வரை தூக்கி அடிப்பதற்கோ) அண்ணாந்து பார்க்கிற அந்த நொடியில் முகம் முழுக்க வெளிச்சம் விழும். அதற்குக் காத்திருங்கள். எதிராளி பக்கத்து மூலையில், லைன் ஜட்ஜை மறைக்காமல் தாழ உட்கார்ந்தால் குதிப்பது இன்னும் உயரமாகத் தெரியும். ஃபோகஸ் நெட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், அது பெரிய தலைவலி, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து மார்புக்குக் குறி வையுங்கள்.

ஷட்டிலை உறைய வைக்கணும் என்று அலையாதீர்கள். நம்ம பேட்மின்டன் வீரர் சாத்விக் சாய்ராஜ் 2023-ல் 565 கி.மீ. வேகத்தில் அடித்து கின்னஸில் ஏறினாரே, அந்த வேகத்தில் 1/1000-லேயே ஷட்டில் பதினைந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பிள்ளைகள் அவ்வளவு வேகமில்லை, என்றாலும் குதித்து உச்சியில் உடம்பு ஒரு கணம் நிற்குமே, அதைப் பிடித்தால் போதும். பாயிண்ட் முடிந்ததும் கேமராவை இறக்கிவிடாதீர்கள், கத்துவதும் முகம் சுளிப்பதும் அப்புறம்தான் வரும்.

இன்னொன்று, மற்ற பிள்ளைகளும் படத்தில் வருவார்கள், நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கே.ஆர்.புரம் ராத்திரி:
பித்தன் சொன்னது பழைய விளக்குக்குச் சரி. ஹாலில் எல்இடி மாற்றியிருந்தால் கதை வேறு. சில எல்இடி டிரைவர்கள் (விளக்குக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற பெட்டிகள்) 100 ஹெர்ட்ஸில் துடிக்காது, அதைவிட எத்தனையோ மடங்கு வேகமாகத் துடிக்கும், 80டியின் ஆன்ட்டி ஃப்ளிக்கர் அதைக் கண்டுபிடிக்காது, 100, 120 இரண்டுதான் அதற்குத் தெரியும். முன்னாடியே போய்ப் போனில் 240 ஃபிரேம் ஸ்லோ மோஷனில் விளக்கை வீடியோ எடுத்துப் பாருங்கள். மெதுவாகச் சிமிட்டுவது தெரிந்தால் பித்தன் வழி, பட்டைபட்டையாக ஓடினால் ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பட்டை மங்குகிற இடத்தைத் தேடணும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடியில்லாத) கேமரா வைத்திருக்கிறவர்கள் சத்தமில்லாத சைலன்ட் ஷட்டரை மறந்துவிடுங்கள், பட்டை அதில்தான் பிசாசு மாதிரி வரும்.

அல்சூர்க்காரன்:
ரொம்ப நன்றி, அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறதென்று இப்போதுதான் புரிகிறது. கடைசியாக ஒரு கேள்வி: 70-200 எஃப்2.8 லென்ஸ் வாடகைக்கு எடுக்கலாமா, இல்லை 85 எஃப்1.8 பழசாக ஒன்று வாங்கிவிடலாமா?

லென்ஸ்பித்தன்:
ஒரு கோர்ட்டுக்கு 85 போதும். எஃப் எண் சின்னதானால் லென்ஸின் திறப்பு பெரிது: உங்கள் லென்ஸ் நீட்டினால் எஃப்5.6, 85-ஐ எஃப்2-ல் வைத்தால் எட்டு மடங்கு வெளிச்சம், 6400-க்குப் பதில் 800-லேயே வேலை முடியும், இல்லையென்றால் மிச்சத்தை ஷட்டர் வேகத்துக்குக் கொடுக்கலாம். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் 10 மீட்டர் தூரத்தில் இரண்டரை மீட்டர் உயரம் அடங்கும், குதிக்கிற பெண் ராக்கெட்டோடு சரியாக உட்காருவாள். கிடைமட்டமாகப் பிடித்தால் காலோ ராக்கெட்டோ வெட்டுப்படும். 70-200 கனம் அதிகம், நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து தூக்கிக்கொண்டிருக்கணும். இரண்டு மூன்று கோர்ட்டில் ஒரே நேரத்தில் ஆட்டம் என்றால் மட்டும் வாடகைக்கு எடுங்கள்.